யப்பான் குளிப்பு

இந்தக் காலத்துச் சனத்துக்கு வாயைத் தவிர வேறு ஓர் உறுப்பும் வேலை செய்யிறதில்லை. கோயில் வாசலில் தனிய நின்ற சுவாம்பிள்ளைக்கு அப்படித்தான் பட்டது. பூசை முடிந்தும் ஒருத்தரும் கிட்ட வரவில்லை. மதிலோரம் கூடிநின்ற பெண்டுகள் அவர் பார்த்தால் நிலத்தைப் பார்த்தார்கள்; அவர் முகத்தைத் திருப்பினால் சிரித்தார்கள்.

வேறு நாளென்றால் கிட்டப் போய் ஏசியிருப்பார். யப்பானிலிருந்து வந்த பிறகு மனுசனுக்குத் தலை நிமிரவில்லை. பெரிய வெள்ளி வேறு கிட்டிக்கொண்டு வருகிறது. சிலுவைப்பாதையில் சிலுவையைத் தூக்கி முன்னுக்குப் போகிறவர் அவர். இந்த முறை அதைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தார்.

இத்தாலியில், பலெர்மோவில், கோட்டுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு கிழட்டு அப்புக்காத்தைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. அந்தக் குடும்பம் பங்குனித் தொடக்கத்தில் பனியில் சறுக்கி விளையாடவென்று யப்பானுக்குப் போனது. கிழவரும் வருவேன் என்று அடம் பிடித்தார். கிழவர் போனால் அவரைக் கையில் பிடித்து நடத்தச் சுவாம்பிள்ளையும் போகத்தானே வேண்டும்.

திரும்பி வந்த அன்று, அதே வீட்டில் சமையல் வேலை செய்யிற அவர் மனைவி யோசப்பினிடம் வீட்டுக்காரி சிஞ்ஞோரா சிரித்துச் சிரித்து ஒன்று சொன்னாள். "உன் புருசனைக் குளிக்கிற இடத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது." அதற்குள் கிழவர் மணியடிக்க, கதை பாதியில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக யோசப்பின் அவரைக் கேட்டாள்.

"அங்கை என்னப்பா செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமலோ கலைச்சவங்கள்?"

"நீ சோத்தைப் போடு."

அவள் பெட்டியைக் கிளறிப் பார்த்தாள். கூழ்முட்டை மணத்தோடு பொலித்தீன் பைக்குள் சுருட்டி வைத்தபடி, அவர் இரவில் உடுக்கிற சாரம் ஒன்றுதான் ஈரத்தோடு அகப்பட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு தோய்க்கப் போட்டாள். மனம் ஆறவில்லை. பக்கத்து வீட்டு றோஸ்மேரியிடம் போய்ச் சொல்லி அழுதாள்.

அங்கேதான் காரியம் பிழைத்தது. கையில்லாத சட்டையோடு பாட வந்தாள் என்று றோஸ்மேரியின் மகள் றம்யாவைக் கோயில் படியிலிருந்தே திருப்பி அனுப்பினவர் சுவாம்பிள்ளை. றோஸ்மேரிக்கு அந்தக் கொதி இன்னும் அடங்கவில்லை.

"யப்பானிலை சுடுதண்ணிக் குளத்துக்கை பிறந்த மேனியாத்தான் இறங்குவினம். போன மாதம் பனி விளையாட்டுப் போட்டியோடை ரீவியிலை காட்டினவங்கள்" என்றாள். அன்று பின்னேரமே போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் வாங்க நின்ற தமிழருக்கெல்லாம் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது கோயில் வாசலில் நின்றவரிடம் பீலிக்ஸ் மெல்ல வந்தான். கோயில் தமிழ்ச் சனத்துக்கு அவன்தான் தலைவர்.

"அண்ணை, ஒரு கதை."

"சொல்லும்."

"சிலுவையை இந்த முறை பெடியன் றஞ்சித் தூக்கட்டும் எண்டு சனம் சொல்லுது."

"எந்தச் சனம்?"

பீலிக்ஸ் மதில் பக்கம் பார்த்தான். அங்கிருந்து றோஸ்மேரியே பதில் சொன்னாள். "என்ரை பிள்ளையின்ரை தோள் தெரிஞ்சது தேவகுற்றம். அண்ணைக்கு அங்கை என்னென்ன தெரிஞ்சுதோ."

பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற யோசப்பின், சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள்.

சுவாம்பிள்ளைக்கு அந்தக் குளம் கண்ணுக்குள் வந்தது. சுற்றிவரக் கூரை மட்டத்துக்குப் பனி, நடுவில் ஆவி பறக்கிற தண்ணீர். முழங்கால் நோவுக்கு நல்லதாம் என்று கிழவர் இறங்க, விழுந்துவிடுவார் என்று அவரும் கூட இறங்கினார். அவர் இறங்க இறங்க, இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிக் கரையேறினார்கள். வேலைக்காரன் ஒருவன் வந்து குனிந்து குனிந்து வாசலைக் காட்டினான். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். அவன் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான். பிறகு தண்ணீரைத் திறந்து விட்டுக் குளத்தை அடிமட்டும் தேய்த்துக் கழுவினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியில் நடுங்கிக்கொண்டு நின்று அதையும் பார்த்தார்.

அதை இந்தச் சனத்துக்குச் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கலாம்.

"அண்ணை, அந்த ஊர்ப் பழக்கம், நீங்களும் செய்தனீங்கள்" என்று பீலிக்ஸ் குரலைத் தாழ்த்தினான். "பிழைதான் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. சிலுவை உங்களுக்குத்தான். நான் பொறுப்பு."

சுவாம்பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "றஞ்சித்தே தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டு றோட்டில் இறங்கினார்.

யோசப்பின் அவருக்குப் பின்னால் ஓடிவந்தாள். "எனக்காவது சொல்லுங்கோவனப்பா. ஊரெல்லாம் காறித் துப்புது. நான் உங்களோடை எப்பிடித் தெருவிலை நடக்கிறது?"

அவர் நடை தளர்ந்தது, நிற்கவில்லை.

"எத்தினை தரம் யோசிச்சும் அவங்கடை ஞாயம் எனக்குச் சரியாப் படேல்லை" என்றார்.

"என்ன ஞாயம்?"

அவர் திரும்பிப் பாராமலே நடந்தார்.

"உடுப்பைக் கழட்டேல்லை எண்டெல்லே என்னைக் கலைச்சவங்கள்."