கதவுக்கு அந்தப் பக்கம்

“தட்டாதீங்க மேடம்! தட்டினா ஐயா இன்னும் பயந்துடுவாரு.”

வீட்டு வேலை செய்யும் பசம்மா தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாரணி, சைபர் போலீஸ் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதமே ஆன எஸ்.ஐ. மண்டி மொஹல்லா பகுதியின் அந்த மாடி வீட்டுக் கதவு நேற்றிலிருந்து திறக்கவில்லை.

“உள்ளே யாரெல்லாம் இருக்காங்க?”

“ஒண்டி மனுஷர் மேடம். ஏதோ சர்க்காரி வேலையில இருந்தவராம். நான் வந்து பத்து நாள்தான் ஆகுது. யாரோ இந்தியில அதட்டுறான். ஐயா ராத்திரியெல்லாம் ‘எஸ் சார், எஸ் சார்’ங்கிறாரு.”

“டிஜிட்டல் அரெஸ்ட். வீடியோ கால்ல போலீஸ்னு மிரட்டிப் பணம் பறிக்கிறாங்க” என்றாள் தாரணி, கான்ஸ்டபிள் ரவிக்குமாரிடம். பிறகு கதவருகே குனிந்தாள். “ஐயா, நாங்க போலீஸ். திறங்க.”

கதவுக்கு அடியில் ஒரு தாள் வெளியே வந்தது.

‘பாத்ரூம் போக அனுமதி வாங்கி எழுதுகிறேன். பன்னிரண்டு மணிக்கு என் பணம் முழுவதையும் அனுப்பினால் விட்டுவிடுவார்கள். கெடுத்துவிடாதீர்கள்.’

மணி பதினொன்று ஐம்பது.

ரவிக்குமார் தாளைத் திருப்பினான். மறுபக்கம் அச்சடித்திருந்தது: ‘வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது.’

“மேடம், நம்ம ட்ரெய்னிங்ல கொடுத்த நோட்டீஸ்! இதைக் கையில வச்சிக்கிட்டே ஏமாறுறாரே மனுஷர். நம்ம சார் கிளாஸ்ல ஒரு நாள் உட்கார வச்சா சரியாயிடுவாரு.”

தாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. சார் வகுப்பில் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னது நினைவுக்கு வந்தது: முதலில் தொடர்பை வெட்டு, பேச்செல்லாம் அப்புறம்.

“பசம்மா, மெயின் ஸ்விட்ச் எங்கே?”

“படிக்கட்டுக்குக் கீழே.”

ரவிக்குமார் நாலு நாலு படியாக இறங்கி ஓடினான். உள்ளே அதட்டிக்கொண்டிருந்த குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. வைஃபை போயிருக்க வேண்டும்.

பிறகு தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

கதவு திறந்ததும் தாரணியின் கை பழக்கத்தில் தானாக சல்யூட்டுக்கு உயர்ந்தது.

“லைன் கட்டாயிடுச்சேம்மா... டெல்லி ஐ.ஜி. உத்தரவு போட்டா, முடியாதுன்னு நான் எப்படிச் சொல்றது?”

இஸ்திரி போட்ட பழைய காக்கிச் சட்டையும் மார்பில் பதக்கங்களுமாக, விறைப்பு கலையாமல் நடுங்கிக்கொண்டு நின்றார், அவர்களுக்கு வகுப்பெடுத்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சேஷு சார்.