வெள்ளை மேடையில் ஏழு வட்டங்கள்

"இன்னிக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். என் மேடையில எலுமிச்சம்பழத்தை வெச்சு நறுக்கினது யாரு?"

பெரியவர் சமையலறை வாசலில் நின்று கத்தினார். வீடு கட்டும்போது ஒன்பது கடை ஏறி இறங்கி அவரே பொறுக்கியெடுத்த வெள்ளை மார்பிள் மேடை அது. அதன் ஓர் ஓரத்தில் இப்போது ஏழு வட்டங்கள், மெருகு போய், மங்கிக் கிடந்தன.

"நான் பலகை வெச்சுத்தான் நறுக்கறேன், மாமா," என்றாள் மருமகள்.

"அப்போ வட்டம் வானத்துலேருந்து விழுந்துதா? இந்த வீட்டுல ஒரு பொருள் கெட்டு நீ பார்த்திருக்கியா? என்னையே எடுத்துக்கோ. எழுபத்தி நாலு வயசு. கைத்தடி உண்டா? கண்ணாடி உண்டா? ஒரு பல்லு ஆடியிருக்கா? எல்லாம் பராமரிப்பும்மா, பராமரிப்பு!"

"நானும் ஒரு வாரமா சோப்புத் தண்ணியில மெத்துன்னு ஒரு துணியை நனைச்சுத் துடைக்கறேன். போகமாட்டேங்குது."

"எப்படிப் போகும்? பாலிஷ்காரர் வர்றார். அவர் வாயால காரணத்தைக் கேட்டுட்டு, உங்க அப்பாவுக்குப் போன் போடறேன். பொண்ணை வளர்த்த லட்சணம் இதுதானான்னு கேக்கறேன்."

அவள் முகம் சுண்டிவிட்டது. "அப்பாவுக்கு மட்டும் வேண்டாம், மாமா. போன மாசம்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தார். தாங்கமாட்டார்."

"என் வீட்டு மானம் போகுதே, அதை நான் தாங்கணுமா?"

அழைப்பு மணி அடித்தது. பாலிஷ்காரர் உள்ளே வந்து, வட்டங்களை விரலால் தடவி, குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது கறை இல்லீங்க. புளிப்பு பட்டுக் கல்லையே அரிச்சிருக்கு. துடைச்சாப் போகாது. தேய்ச்சுத்தான் மெருகு ஏத்தணும்."

"எலுமிச்சை! நான் சொன்னேனா இல்லையா?"

"நறுக்கினா திட்டுத் திட்டா இருக்குமுங்க. இது டம்ளரோட அடி. புளிப்பா எதையோ ஊத்தி, யாரோ தினமும் இந்த ஓரத்துலயே வெச்சிருக்காங்க."

"நான்தாங்க," என்றாள் மருமகள் சட்டென்று. "காலையில எலுமிச்சை ஜூஸ் குடிப்பேன்."

"பார்த்தீங்களா! இவ்வளவு நேரம் பலகைக் கதை சொன்னா. இப்போ ஜூஸ் கதை!"

பாலிஷ்காரர் மெஷினை எடுத்து வரப் படியிறங்கினார். பெரியவர் விறுவிறுவென்று சம்பந்தியின் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் மணி அடித்தது.

மருமகள் ஒரு பீங்கான் தட்டை எடுத்து வந்து, வட்டங்கள் இருந்த இடத்தில் வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"இனிமே டம்ளரை இந்தத் தட்டு மேல வைங்க, மாமா. நீங்க பல்செட்டை ஊறப்போடற மாத்திரையும் புளிப்புதான். டப்பாவுலயே போட்டிருக்கு. கவலைப்படாதீங்க, உங்க பிள்ளைகிட்டகூட நான் சொல்லல."

"சொல்லுங்க, சம்பந்தி," என்றது போன்.

பெரியவர் நாக்கால் மேல்வரிசையை ஒருமுறை அழுத்திச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணுமில்ல, சம்பந்தி... பொண்ணை ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."