ஐந்து மணிப் பாட்டு

ஜெர்மனியில் உள்ள அமெரிக்க ராணுவத் தளத்தின் புல்வெளியில், சிப்பாய்களின் பிள்ளைகள் கோடை முகாம் பொறுப்பாளன் காரெட்டைத் தண்ணீர் பலூன்களோடு துரத்துகிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து வந்த கல்லூரி மாணவன். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஐந்து மணிவரை அவன் நனையாமல் தப்பினால், வெடித்த பலூன் கிழிசல்களைப் பிள்ளைகள் பொறுக்க வேண்டும், நனைந்தால் அவன். சட்டை இன்னும் காய்ந்தே இருக்கிறது. அப்போது ஒலிபெருக்கியில், தினமும் ஐந்து மணிக்குக் கொடி இறக்கும்போது ஒலிக்கும் எக்காளமும் தேசிய கீதமும் முழங்குகின்றன. சாலையில் கார்கள் நிற்கின்றன. ஓடிய கால்கள் அத்தனையும் நின்று கொடிக்கம்பத்தின் பக்கம் திரும்புகின்றன. பிள்ளைகளின் வலக்கை நெஞ்சில். இடக்கையில் தண்ணீர் பலூன். நடுவில் காரெட்டும் நெஞ்சில் கைவைத்து நிற்கிறான். “அஞ்சு மணி ஆயிடுச்சு, ஆட்டம் முடிஞ்சுது,” என்று உதடு அசையாமல் முணுமுணுக்கிறான். “பாட்டு முடியறவரைக்கும் அஞ்சு மணிதான் சார்,” என்கிறாள் பின்னால் நிற்கும் எட்டு வயது மாரிபெல். “அசையாதீங்க. எங்கப்பா பார்த்தா ஊருக்கே அனுப்பிடுவாரு.” “நீ மட்டும் பேசலாமா?” “நான் சின்னப் பிள்ளை சார்.” மஞ்சள் வெயிலில் கொடி மெல்ல இறங்குகிறது. அவள் பலூனிலிருந்து ஒரு சொட்டு அவன் குதிகாலில் விழுகிறது. பாட்டின் கடைசி வரி வந்துவிட்டது. பள்ளி நாளிலிருந்து நின்று நின்று கேட்ட பாட்டு இத்தனை சின்னது என்று காரெட்டுக்கு இன்றுதான் தெரிகிறது.