ஆத்தும பாரம்

"இந்த வீடு வேணாம்க்கா. போன வாரம் தண்ணியை எடுத்து மேல ஊத்தினாரே, மறந்துட்டீங்களா?"

சபை ஊழியத்துக்குப் புதிதாக வந்திருந்த தையல்காரி மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கியதில் அவளுக்குக் கால் கடுத்தது. கையில் வேத வசனம் அச்சிட்ட கைப்பிரதிகள் பாதி இன்னும் மிச்சம்.

அக்காவோ பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளுக்கு இந்த அலங்காரமெல்லாம் கிடையாது.

"யார் திட்டினாலும் முகம் வாடக் கூடாதுன்னு போதகர் சொன்னாரில்ல? வா."

கதவு திறந்தது. அக்காவைப் பார்த்ததும் அந்த மனிதரின் முகம் கறுத்தது.

"மறுபடியும் வந்துட்டியா? வெக்கமாயில்ல?"

"ஆண்டவர் உங்களை நேசிக்கிறார்" என்று அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அவள் நீட்டிய கைப்பிரதியை அவர் கிழித்து அவள் முகத்திலேயே எறிந்தார். அவள் சிரிப்பு இன்னும் அகலமானது. சுவர் அதிரக் கதவை அறைந்து சாத்தினார்.

இறங்கும்போது தையல்காரிக்கு மனசு ஆறவில்லை. "உங்க பொறுமை எனக்கு வராதுக்கா. அந்த ஆளை எப்படியாவது மனந்திருப்பணும்னு அவ்வளவு ஆத்தும பாரமா?"

"பாரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர் என் புருஷனா இருந்தவர். 'ஒரு நாள் இதே வாசல்ல வந்து அழுதுக்கிட்டு நிப்பே'ன்னு சொல்லித்தான் என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினார். அதான் வாராவாரம் வந்து சிரிச்சுட்டுப் போறேன்."

"அக்கா... மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காரே?"

"மன்னிச்சாச்சும்மா. சிரிக்காதேன்னு அவர் சொல்லலையே!"

அடுத்த வாரம் அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன், தையல்காரியே தன் சீப்பை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.