தீவுக்காரரின் ஏழாவது கடிதம்

“அந்தத் தீவுல மொத்தம் எத்தனை பெட்டி விக்கும்?”

“பதினாலு சார்.”

“பதினாலாயிரமா?”

“பதினாலு சார். அதுல ஒண்ணு கலங்கரை விளக்கத்துக்கு.”

மேனேஜர் சுவரைப் பார்த்தார். முப்பத்தெட்டு நாடுகளின் பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியின் புது வைஃபை பெட்டியை எங்கே விற்பதானாலும் அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். எந்த நாட்டுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று திட்டம் போடுவது ‘அனுமதி அக்கா’வின் வேலை. ஆபீஸில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அக்கா போட்ட திட்டத்தில் முதலிடம் அந்தத் தீவுக்கு. பாதிச் சரக்கை வாங்கப்போகிற பெரிய நாட்டுக்கு இரண்டாமிடம்.

“ஏம்மா, பெரிய நாட்டுக்கு இன்னிக்கே அனுப்ப வேண்டியதுதானே?”

“தீவுக்காரர் சரின்னு சொல்லட்டும் சார். பெரிய நாட்டுல ஒரு தடவை திருப்பி அனுப்பிட்டா, அப்புறம் ஆறு மாசத்துக்கு நம்மளை வாசப்படி ஏற விடமாட்டாங்க.”

தீவுக்காரர் என்றால் அந்தத் தீவின் அதிகாரி. அக்கா அனுப்பிய விண்ணப்ப ஃபைலைப் பற்றிக் கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்த அவர், சரி என்று சொல்கிற ஆளாகத் தெரியவில்லை.

முதல் கடிதம்: ‘பெட்டியைக் குளியலறையில் வைக்கக் கூடாது என்கிறீர்கள். அட்டைப்படத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் ஷவர் தெரிகிறது.’

மூன்றாவது: ‘ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் திருப்புளி பிடித்திருப்பவருக்கு ஆறு விரல்.’

படம் வரைந்த இன்ஜினியர் எண்ணிப் பார்த்தார். “ஆறுதான் சார்.” மேனேஜர் முறைத்ததும், “அஞ்சுன்னும் வச்சுக்கலாம்” என்றார்.

ஐந்தாவது: ‘எழுபதாம் பக்கம் இரண்டு முறை வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன.’

அக்கா ஒவ்வொன்றையும் திருத்தித் திருத்தித் திரும்ப அனுப்பினாள்.

“அந்தாளு என்ன, உங்க பெரியப்பா பையனா? இப்படித் தாங்குறீங்க?”

“போன்ல பேசினதே ஒரு தடவைதான் சார்.”

“இதோ பாருங்கம்மா. இந்த வாரத்துக்குள்ள பெரிய நாட்டுக்கு ஃபைல் போகலைன்னா, திங்கக்கிழமை நீங்க வேற வேலை தேடிக்கலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லலை.”

அக்கா தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஏழாவது கடிதம் வந்தது. படித்த அக்கா, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் சோதனைக்கூடத்துக்கு ஓடினாள்.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. அவள் மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்தார். மேலே இருந்த போன் நம்பரை மட்டும் பார்த்தார். தான் திட்டுவதை ஆபீஸ் முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

“வைஃபை பெட்டிக் கம்பெனி மேனேஜர் பேசறேன். என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்கே? பதினாலு பெட்டிக்கு ஏழு கடிதமா? அனுமதி குடுப்பியா, மாட்டியா?”

அந்தப் பக்கம் கடல் இரைச்சல். பிறகு ஒரு சாதுவான குரல்.

“எங்க ஊர்ல இதுக்கு அனுமதியே தேவையில்லையே சார். தாராளமா கொண்டாந்து விக்கலாம். அந்தம்மாகிட்ட முதல் நாளே சொல்லிட்டேனே.”

இன்ஜினியர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

“அப்புறம் எதுக்குய்யா இத்தனை கடிதம்?”

“‘பெரிய நாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் முழுசாப் படிச்சுட்டா நல்லாருக்கும், உங்களால முடியுமா’ன்னு கேட்டாங்க சார். எங்களுக்கு மாசத்துக்கு ஒரு கப்பல்தான். வேற வேலை? இருநூத்திப் பத்துப் பக்கமும் படிச்சேன். நூத்தி அறுபதாம் பக்கத்துல உங்க பழைய கார்ட்லெஸ் போனோட சோதனை அறிக்கையை வச்சிருக்கீங்க. இன்னைக்குக் கடிதத்துல அதைத்தான் எழுதியிருக்கேன். பெரிய நாட்டுக்காரன் பாத்திருந்தா அவ்வளவுதான்.”

மேனேஜர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“இதை... அவங்க என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“நானும் அதைத்தான் கேட்டேன் சார். ‘முழுவதும் நானே படித்துச் சரிபார்த்தேன்’னு கடைசிப் பக்கத்துல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களாம். ‘ஆபீஸ்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா அவர் முகத்தை எங்கே வச்சுக்குவார், பாவம்’னாங்க.”