கண்ணை மூடிய அப்பா

அப்பன்காரன் கண்ணைத் திறந்துவிட்டதில் முதல் சுற்று பாழ். பரீட்சை என்னவோ மடியிலிருக்கும் மகளுக்கு. கோட்டை விடுவது இவன்.

“நீங்க ஸ்க்ரீனப் பாத்தா பாப்பாவும் அங்கயே பாக்கும் சார். இறுக்க மூடிக்குங்க,” என்கிறாள் ஆய்வுக்காரப் பெண், மடிக்கணினிக்குள்ளிருந்து.

மூடிக்கொள்கிறான். திரை வெளிச்சம் இமைக்குள் சிவப்பாக அசைகிறது. முதலில் யாரோ ஒருத்தியின் குரல். அடுத்து, போன மாதம் இறந்த மனைவி, அவனே அனுப்பிய பழைய பதிவிலிருந்து, “அடி வாலு, இங்க பாரு!” என்று கூப்பிடுகிறாள். மகளுக்கு அவளை ஞாபகம் இருக்கிறதா? அது தெரியத்தான் இத்தனையும். ஈர விரலொன்று அவன் இமையை நோண்டுகிறது. குரல் நிற்கிறது.

“ஸ்க்ரீனப் பாத்தாளா? மழுப்பாம சொல்லும்மா.”

“இல்ல சார். மொதக் குரலுக்கு ஸ்க்ரீனத்தான் பாத்தா. அம்மா குரல் வந்ததும் சட்டுனு திரும்பி உங்களப் பாத்தா. முடியிற வரைக்கும் உங்களையேதான்.”