கைராசிக்காரி

"ஐயோ, பூத்துடுச்சா! கலைவாணி, உன் கைய கண்ணுல ஒத்திக்கணும்!"

மகளோடு பெங்களூரிலிருந்து வந்திறங்கிய ரத்தினம்மாள் டீச்சர் போட்ட கூச்சல், செஞ்சிக் கோட்டை உச்சிவரை கேட்டிருக்கும். ஜன்னலோரத் தொட்டியில் ஊதா ஆர்க்கிட் பூக்கள் வரிசையாகத் தொங்கின.

மாடியில் குடியிருக்கும் கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று மாதம் முன்பு, பூவெல்லாம் கொட்டிப்போன அந்தச் செடியை அவளிடம் ஒப்படைத்தபோது டீச்சர் ஒன்றையே மூன்று முறை சொன்னார். "தண்டைக் கணுவுக்கு மேல நறுக்கியிருக்கறேன், மறுபடி பூக்கும். வாரம் ஒருவாட்டி தண்ணி ஊத்து, போதும். மண்ணு, எரு மட்டும் போட்டுடாத. வேரு அழுவிப்பூடும்!"

கேட்டாளா? மண்ணே இல்லாமல், வெறும் மரப்பட்டைத் துண்டுகளில் நிற்கும் செடியைப் பார்த்து விவசாயி மகளுக்கு மனசு தாங்கவில்லை. செம்மண்ணும் மாட்டெருவும் போட்டாள். பத்தே நாளில் செடி அழுகி நாறியது. இப்போது பூத்திருப்பது, நேற்று பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது.

"என் பொண்ணு அமலா ஆசையா வாங்கிக் குடுத்த செடி. அவ வயித்துல புள்ளையோட வர்ற நேரம் பாத்து பூத்திருக்குதே! எல்லாம் உன் கைராசி. வெள்ளிக்கிழம வளைகாப்புல மொத வளையல் நீதான் போடணும்."

கலைவாணிக்கு உடம்பே கூசியது. செடி விஷயத்தில் பொய் சொல்லலாம். பிள்ளைத்தாய்ச்சி கையில் பொய்யான ராசியோடு வளையல் போட முடியுமா?

"வேணாம் டீச்சர். என் கை ராசியான கை இல்ல." கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "எரு போட்டு உங்க செடிய அழுவ வெச்சிட்டேன். இது பாண்டியில வாங்கினது. உங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருக்குது."

டீச்சர் முகம் சட்டென்று வெளுத்தது. உள்ளறையில் அமலா படுத்திருந்தாள். டீச்சர் போய் அந்தக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவா பேசு. பஸ் ஸ்டாண்டு எதிர்க்க இருக்குதே, அந்த நர்சரியிலயா வாங்குன?"

"ஆமாம்... உங்களுக்கு எப்டி டீச்சர் தெரியும்?"

இப்போது டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அமலா குடுத்தது எரு போட்டு அழுவிப்பூட்டப்போ, நானும் அங்கதான்டி வாங்கினேன்."